நல்ல தமிழில் எழுதிய வாக்குமூலம்

எங்கள் மலையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை சாமி, பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் சாமி, வழியில் நிற்பவனைத் திட்டும்போதுகூட “தள்ளி நில்லு சாமி” என்றுதான் திட்டுவோம். எங்களைப் போன்ற ஏழெட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சாமி உண்டு. ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து பழைய ஸ்கூட்டரில் வளைவு வளைவாக ஏறிவந்து பூசை வைக்கும் பங்குச் சாமியார். அந்த ஒரு சொல்லில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

அரிசி கொடுத்து மதம் மாற்றுகிறார் என்று அவர்மேல் புகார். விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி என் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் எங்கள் மதமில்லை. மழையில் கூரை சரிந்தபோது எங்கள் மாதா கோவிலில் இரண்டு நாள் தங்கியவள், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் அரிசி மூட்டை யார் கொடுத்தது என்று கேட்டார்.

“சாமிதானுங்க வாங்கியாந்து குடுத்துச்சு.”

மலைப் பேச்சு தனக்குப் பிடிபடவில்லை என்று அதிகாரி என்னை எழுதித் தரச் சொன்னார். நான் அங்கன்வாடி டீச்சர். கையெழுத்து அழகு, தமிழும் சுத்தம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ‘சாமியார் அரிசி வாங்கிக் கொடுத்தார்’ என்று மரியாதையாக எழுதி வாசித்துக் காட்டினேன். என் புத்தகத் தமிழுக்குத் தலையாட்டிவிட்டு அவள் ரேகை வைத்தாள்.

பொழுது சாயும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“ஏனுங்க டீச்சர், எம்பட பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில கஷ்டப்பட்டு வாங்கியாந்த அரிசிங்க அது. அதுல போலீசுக்கு என்னங்க?”

அவள் சொன்ன சாமி அவள் மகன். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் சாமியாரைக் காலையிலிருந்து மாலைவரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பஸ் பிடித்து அடிவாரத்து ஸ்டேஷனுக்கு இறங்கினேன். சாமியார் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. நடந்ததைச் சொல்லி அழுதேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“போய் உண்மையச் சொல்லுங்க. எனக்காக வேண்டாம். அந்தப் பையன் பாடுபட்ட அரிசியை நான் குடுத்ததா எழுதிட்டீங்களே, அதைத் திருத்துங்க.”

திருத்தி எழுதிக் கொடுத்தேன். அதிகாரி அதை மடித்துக் கோப்பில் செருகிவிட்டு வேறொரு தாளைச் சாமியாரிடம் நீட்டினார். இனி மலையேறிப் பூசை வைக்க மாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் கோர்ட், ஜெயில்.

நான்தான் முந்திக்கொண்டு கெஞ்சினேன்.

“வெறும் கையெழுத்துத்தானுங்க சாமி. போட்டுட்டு அப்பறம் வராமயா இருக்கப் போறீங்க?”

“வருவேன்னு தெரிஞ்சுகிட்டே வரமாட்டேன்னு எப்படிங்க எழுதறது?”

தாளை அதிகாரி பக்கமே தள்ளி வைத்தார். குரலை உயர்த்தவில்லை, வீரமும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

வாக்குமூலம் அறியாமல் செய்த பிழை. கெஞ்சியது அப்படியல்ல. பொய்தான் என்று தெரிந்தே அவரை எழுதச் சொன்னேன். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

ஜாமீன் கிடைக்க ஒரு மாதத்துக்குமேல் ஆனது. வெளியே வந்த முதல் ஞாயிறே மேலே வந்துவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார், அங்கி தொளதொளவென்று தொங்கியது. நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த முகத்தோடு போவது?

வரிசை முடிந்தது. அவர் பீடத்துக்குத் திரும்பவில்லை. அப்பப் பாத்திரத்தோடு கோவிலின் நீளம் முழுக்க நடந்துவந்து என் முன்னால் நின்றார். கை நீட்டி அப்பத்தை வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாயைத் திறந்தேன்.