சிந்தாதிரிப்பேட்டை வீட்டுத் தரை

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் உலையைப் பார்க்கிறவள் நான். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பயப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ் கவிழ்ந்துவிடுமோ, பாலில் பல்லி விழுந்திருக்குமோ, வீட்டுக்காரர் நெஞ்சு வலியை மறைக்கிறாரோ என்று கண் விழித்ததிலிருந்து எனக்கு இதே வேலை. இத்தனைக்கும் நடுவில் பேய்க்குப் பயப்பட நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், பிழை இருக்கும். ஆனால் நடந்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து என் வீட்டுக்காரர் அருள்தாஸ் பட்டு நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுப்பேன். எங்களுக்கு ஒரே பெண், எஸ்தர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். துளிகூடக் கேட்காது, கருவி வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் தறிக்குழி ஓரமாகத் தரையில் உள்ளங்கையை விரித்து வைத்துப் படுத்துக்கொள்வாள். தறி அடிக்கிற அதிர்வு அவளுக்குத் தாலாட்டு. தறி நின்றால் விழித்துக்கொள்வாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் வேலை பார்த்த ஒரு டீச்சரம்மாதான் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மெட்ராஸில் பள்ளிக்கூடம் இருப்பதைச் சொன்னார். போய்ப் பார்த்தோம். எஸ்தருக்கு இடம் இருக்கிறது என்றார்கள். ஆனால் விடுதி நிறைந்துவிட்டது, பக்கத்திலேயே குடிவந்து தினமும் கொண்டுவந்து விட வேண்டும், பள்ளி திறக்கிற அன்றைக்கு மெட்ராஸ் விலாசத்தோடு வர வேண்டும் என்றார்கள். எட்டு வயது முடிந்தால் சேர்ப்பதில்லையாம். அவளுக்கு ஆகஸ்டில் எட்டு முடிகிறது. இந்த ஜூனை விட்டால் அவ்வளவுதான். எழுத்தும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், நாங்கள் செத்த பிறகு இவள் யாரிடம் போய்ப் பசிக்கிறது என்று சொல்வாள்? அதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்காமல் போனது அந்த மாதம்தான்.

ஒரு தரகரைப் பிடித்து வீடு தேட ஆரம்பித்தோம். ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்து வைக்கிற வேலைக்கு இவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், ஆனாலும் தறியை விட இவருக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊரில் நெசவுக்காரர்கள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் காரியமாகக் குதிகாலால் தரையை நாலு இடத்தில் தட்டிப் பார்ப்பார்கள், மண் இறுக்கமா, தண்ணீர் ஊறுமா என்று. அப்புறம் குழி தோண்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூச்சப்படுகிற கேள்வியே இல்லை. இவர் அதே பழக்கத்தில் மெட்ராஸிலும் கேட்டார்.

"குழியா? வூட்டுக்குள்ளயா? யாரப்பா பொதைக்கப் போற?" என்றார் ஒரு வீட்டுச் சொந்தக்காரர்.

"பொதைக்க இல்லீங்க, கால வுட்டுகினு உக்கார."

"நீ காலும் வுட வேணா, கையும் வுட வேணா. கெளம்பு."

வெளியே வந்ததும் தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, இன்னொரு தபா குழின்னு சொன்ன, உன்ன நானே பொதைச்சிடுவேன்."

அன்றைக்கு எங்களுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நாளிலிருந்து வரவில்லை. இவர் குழிப் பேச்சை விட்டுவிட்டார், அப்படியும் வீடு கிடைக்கவில்லை. கறி சமைக்கிறவர்களுக்கு இல்லை என்றார்கள் ஒரு இடத்தில். ஆவடியில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு இருந்தது, ஆனால் பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற பிள்ளையை அங்கிருந்து தினமும் எப்படிக் கூட்டி வருவது? புரசைவாக்கத்தில் எல்லாம் பேசி முடிந்து, அந்த அம்மாள் எஸ்தரைப் பார்த்த பிறகு என்னிடம் நேராகவே சொன்னாள்: "தப்பா நெனைக்காதம்மா. காலைல எழுந்து ஊமைப் பொண்ணு முகத்துல முழிச்சிகினு இருக்க முடியாது." எஸ்தர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வியாழக்கிழமை தரகர் எங்களைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கூட்டிப் போனார். ஒரு சந்துக்குள் பழைய வீடு, பின்கட்டில் ஒரு அறையும் சமையல்கட்டும். முன்கட்டில் சொந்தக்காரி ராஜம்மா. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம், வாடகையும் எங்கள் கைக்கு எட்டுகிற வாடகை. எஸ்தரையும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உடனே பயம் வந்துவிட்டது, இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே என்று.

ராஜம்மா பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: "எல்லாம் இருக்கட்டும். தரைய மட்டும் தோண்டக் கூடாது."

குழிப் பேச்சையே நாங்கள் அங்கே எடுக்கவில்லை. இவர் தரகரை முறைத்தார்.

"உன் ஏசு மேல சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலண்ணே," என்றார் தரகர்.

உச்சி வெயில் நேரம். அறைக்குள் பட்டப்பகல் வெளிச்சம், சிவப்பு சிமெண்டுத் தரை. எஸ்தர் உள்ளே இரண்டு அடி வைத்தாள், நின்றாள், அப்படியே குப்புறப் படுத்து ஒரு உள்ளங்கையைத் தரையில் விரித்தாள். இன்னொரு கையால் தன் தொடையில் தட்டத் தொடங்கினாள். ஒரே சீராக. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது, தறியில் மிதிகட்டையை மிதித்து, நூல் நாடாவைக் குறுக்கே தள்ளி, இழை நெருங்கப் பண்ணையை இழுத்து அடிக்கிற கணக்கு அது. தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? ஊரை நினைத்துக்கொண்டு தட்டுகிறாள் என்று தூக்கப் போனேன். குனிந்தபோது என் கையும் தரையில் பட்டது.

கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது.

நம்ப மாட்டீர்கள், தெரியும். நானே நம்பாமல் குப்புறப் படுத்துக் காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் துளிகூட இல்லை. கையை வைத்தால் மட்டும் அதிர்கிறது. இவரைக் கூப்பிட்டேன். இவரும் காதை வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை; கையை வைத்தார், அப்புறம் எடுக்கவே இல்லை. நடுவில் சட்டென்று அதிர்வு நின்றது. அறுந்த இழையை எடுத்து முடி போடுகிற நேரம் இருக்குமே, சரியாக அந்த நேரம்தான். மறுபடி தொடங்கியது. எஸ்தரின் தட்டலும் அதே இடத்தில் நின்று அதே இடத்தில் தொடங்கியது.

"பட்டு நெய்யற கை," என்றார் இவர். தரகரும் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லையாம்.

ராஜம்மாவிடம் பக்கத்தில் எங்கேயாவது தறி ஓடுகிறதா என்று கேட்டேன்.

"தறியா? இந்தத் தெருவுலயே கெடையாதும்மா."

"அப்ப தரையத் தோண்டக் கூடாதுன்னு ஏன் சொன்னீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நானா? பின்கதவத் தெறந்து போடக் கூடாதுன்னு சொன்னேன். தரையப் பத்தி நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

நானும் இவரும் தரகரும், மூன்று பேர் காதால் கேட்டது. தரகர் பஸ் நிலையம் வரை எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்.

ஆரணிக்குத் திரும்பியதும் இவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்மே அந்த வூடு. கீழ எவனோ நெய்யறான்."

"வேற எந்த வூடு கீது சொல்லுங்க."

"பல்லிக்கு பயப்படறவ நீ. உனக்கு இதுக்கு பயம் இல்லையா?"

"பயமாத்தான் கீது. திங்கக்கெழம அதவிட பயமா கீதுங்க."

இவர் எழுந்து போய்ச் சாமான் கட்டக் கயிறு தேடினார். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே முடிவு அது. சனிக்கிழமை சாமான்களோடு போய் இறங்கினோம், திங்கட்கிழமை காலையில் அந்த விலாசத்தைச் சொல்லி எஸ்தரைச் சேர்த்தோம். இவர் தறியை ஊரிலேயே விட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போனார்.

குடிபோன பிறகு ஒரு நாள்கூட அந்தத் தரை அதிரவில்லை. முதல் பத்து நாள் எஸ்தர் அறை முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து கையை வைத்துத் தேடினாள், கிடைக்காமல் மூலையில் உட்கார்ந்து விம்மினாள். நானும் அவள் தூங்கிய பிறகு வைத்துப் பார்ப்பேன். சும்மா சிமெண்டு. அப்புறம் பள்ளிக்கூடம், சைகை, பலகை, புத்தகம் என்று அவள் அதை விட்டுவிட்டாள், நாங்களும் விட்டோம். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தோம். ஒரு கெடுதலும் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்தருக்குப் பதினாறு வயது இருக்கும்போது, என்னைவிட நன்றாக எழுதுவாள் அப்போது, ஒரு மத்தியானம் அவள் நோட்டை வாங்கி நான் எழுதிக் கேட்டேன். முதல் நாள் இந்த வீட்டுக்கு வந்தபோது தரையில் கை வைத்துப் படுத்தாயே, நம் ஊர்த் தறி மாதிரியே அதிர்ந்ததா?

அவள் அதைப் படித்தாள். பிறகு எழுதினாள்: "கையில் இல்லை அம்மா. காதில்."

அன்றைக்கு நான் காதை வைத்தேன், இவரும் வைத்தார், ஒரு சத்தமும் இல்லை. அவள் அதற்கு முன்பும் எதையும் கேட்டதில்லை, அதற்குப் பிறகு இன்றுவரையும் கேட்டதில்லை. பள்ளியில் வருஷா வருஷம் சோதித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் நோட்டை மூடப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு அடியில் இன்னொரு வரி எழுதினாள்.

"எல்லாச் சத்தமும் அவ்வளவு அழகாகத்தான் இருக்குமா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பென்சிலை வாங்கி, ஆமாம் என்று எழுதினேன்.