பத்தாயிரத்து ஏழாவது கட்டி

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு கிடங்கின் சரக்குக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் பத்தாயிரத்து ஏழு வார்ப்பிரும்புக் கட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஓர் ஆள் சுமை. லாரிகளில் ஏற்ற இரண்டு லோடுமேன் செட்டுகள். ஒன்றில் என் அண்ணன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய சரக்கென்றால் ஏற்றுவதற்கு முன்பே சமமாகப் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவதை எந்தச் செட்டு தூக்குகிறதோ, அடுத்த சரக்கு முழுவதும் அவர்களுக்கு. எதுவும் மிஞ்சாவிட்டால் முறைப்படி மாறும். அப்போது முறை எதிர்ச் செட்டுக்கு. வேலை இல்லாமல் கிடந்த எங்கள் ஆட்களுக்கு, இரண்டாகப் பிரித்தால் மிஞ்சும் அந்த ஒற்றைக் கட்டிதான் கதி.

அண்ணன் அதன்மேல் கை வைத்தான். எதிர்ச் செட்டு மேஸ்திரி அவன் மணிக்கட்டை மிதித்தார். அதற்குப் பிறகு மண்வெட்டிப் பிடிகளும் கொக்கிகளும்தான் பேசின. ஒருவர் காது கிழிந்து தொங்கியது. எடைமேடையில் ரத்தத்தோடு ஒரு பல் கிடந்தது. மேஸ்திரி அண்ணனை லாரிச் சக்கரத்தில் சாய்த்து, கொக்கி முனையைக் கழுத்தில் அழுத்தினார்.

முதலாளி என்னிடம் ஓடிவந்தார். "படிச்ச பொண்ணுதானேம்மா! ஆளுங்கள மூணு செட்டா ஒடை, அஞ்சா ஒடை. மீதி வராம எதனா பண்ணு!"

வகுத்தேன். மூன்று செட்டு: மீதி இரண்டு. நான்கு: மீதி மூன்று. ஐந்து: இரண்டு. ஆறு: ஐந்து. ஏழு: நான்கு. கொக்கிக்குக் கீழே ரத்தம் கசிந்து சட்டைக் காலரில் இறங்கியது. கைப்பேசியை எடுத்தேன். இந்த எண்ணின் வர்க்கமூலம் நூற்றுக்குச் சற்று மேல். தொண்ணூற்றேழு வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை. ஐந்து இலக்க எண்களில் முதல் பகா எண் அதுதான்.

"எதுலயும் வகுபடாது சார். பகா எண்."

மேஸ்திரி சிரித்தார். "இன்னா மாமு சொல்லுது உந்தங்கச்சி? அது வகுபடாதாம். உங் கழுத்து ரெண்டா வகுபடுமான்னு பாத்துடலாமா?"

"என்னப் பாக்காத," என்று அண்ணன் திணறினான். "கட்டிய வுடாத. அது நம்புளுது."

கட்டியைத் தூக்கினேன். துரு உள்ளங்கையைக் கிழித்தது. யாரும் தடுக்கவில்லை, நான் அதை அவர்கள் பக்கம் கொண்டுபோகிறேனா எங்கள் பக்கமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்சுவரில் ஓர் உடைப்பு இருந்தது. அதன் வழியே கால்வாயில் போட்டேன்.

"இப்போ பத்தாயிரத்து ஆறு. ரெண்டால வகுபடும். மீதி இல்ல."

"ஐயோ, எங் கட்டி!" என்று முதலாளி கத்தினார். மேஸ்திரி கொக்கியைத் தாழ்த்தி, அண்ணன் கன்னத்தில் தட்டினார். "மொறை நம்புளுதுதான் நைனா. கணக்கு தெரிஞ்ச பொண்ணு."

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என் துப்பட்டாவை அவன் கழுத்தில் அழுத்திப் பிடித்திருந்தேன்.

"தூக்கிப் போட உன்னிய எவன் கேட்டான்? அத்தினி பேரும் வாங்குன அடி எதுக்கு?"

"கொக்கி உள்ள எறங்கியிருந்தா?"

"எறங்கட்டும். லோடு வந்திருக்கும்ல? எங்க செட்டு ஆளுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நீ உயிரோட இருக்கற. அது போதும் எனக்கு."

அடிபடாத கையால் என்னை அறைந்தான். கழுத்திலிருந்து கையை நான் எடுக்கவில்லை.