மாமாவுக்கு அக்கா பதிந்து கொடுத்த கேசட்

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, பூந்தமல்லியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குமணன்சாவடிப் பக்கம், இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பட்டறை ஒன்றில் பதினைந்து வருடமாக பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பட்டறை ஆட்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். மாமா கொஞ்சம் கூடுதலாகக் கத்துவார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் லுங்கிக்கு மாறி டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இளவயதில் பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய நண்பரோடு சுற்றியபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. எழுபதுகளின் ஆங்கில ராக் பாட்டுகள், அதிலும் பத்துப் பன்னிரண்டே பாட்டுகள். வால்யூமை முழுதாகத் திருப்பிவிட்டு, கண்ணை மூடி, தொடையையே கிதாராக்கி வாசிப்பார். தெருவுக்கே அது பழகிப்போயிருந்தது.

எனக்குப் பத்து வயதான வருடம்தான் அக்கா வேலப்பன்சாவடியில் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே யாரோ ஒரு தோழி அவளுக்கு, ராக்கிலேயே முரட்டு வகையான மெட்டல் பாட்டுகளை அறிமுகப்படுத்தி வைத்தாள். எலும்புக்கூடு படம் போட்ட கேசட்டை அம்மா கண்ணில் படாமல் ஜெபப் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தாள். வீட்டில் ராக் கேட்கிற ஆள் மாமா ஒருவர்தான் என்பதால், அவரை எப்படியாவது தன் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"பத்துப் பாட்டையே இருவது வருஷமா கேக்குறீங்களே மாமா, அதுக்கப்புறம் உலகத்துல யாருமே கிதாரைத் தொடலியா?"

"தொட்டானுங்க. வாசிக்கத்தான் தெரில. தகரத்த ரோட்டுல இஸ்துகினு போற மாதிரி கீது."

அக்கா விடவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து அவருக்கென்றே ஒரு கேசட் பதிந்தாள். முதலில் அவருடைய பழைய குழுக்களின் சாயல் உள்ள பாட்டு, அடுத்தது கொஞ்சம் வேகம், அதற்கடுத்தது கொஞ்சம் முரடு. தொண்டை கிழியக் கத்துகிறவன் கடைசியில்தான் வருவான். மூச்சு வாங்கிக்கொள்ள நடுவில், ஒரு கிதாரும் ஒரு குரலும் மட்டும் உள்ள மெல்லிய பாட்டு ஒன்று. உள்ளே செருகிய அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுதினாள். 'இது உங்க பழைய பாட்டோட பேரன், அவசரப்பட்டுத் திட்டாதீங்க' என்று ஒன்றில் இருந்தது நினைவிருக்கிறது.

மாமா இரண்டு பாட்டு கேட்டார். "ஒண்ணும் இல்ல பாப்பா, வெறும் இரைச்சல்" என்று எடுத்துவிட்டார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அது பொறுக்காமல், அடுத்த ஞாயிறு கேசட் முழுவதையும் கேட்பதாக ஒப்புக்கொண்டார்.

அன்று கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த மெல்லிய பாட்டு முடிந்ததும் அவர் தோளைத் தட்டி, "இது எப்படி மாமா?" என்றாள்.

"சோக்காகீது. டிரம்ஸ்காரன் நல்லா அடிக்கிறான்."

அந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாது. எனக்கே அது தெரிந்தது. நான் குபீரென்று சிரித்தேன். மாமா தன்னைக் கேலி செய்கிறார் என்று அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பதிலுக்கு அவரை ஏமாற்ற நினைத்து, அந்த கேசட்டை எடுத்துவிட்டு அவருடைய பழைய கேசட்டைப் போட்டாள். அவர் கண்ணை மூடித் தொடையில் வாசிக்கத் தொடங்கியதும், என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாள்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். மாமா நிறுத்தவில்லை. பாதம் தாளம் போட்டது. உதடு வரிகளை முணுமுணுத்தது. தனிக் கிதார் வரும் இடத்தில் முகத்தைச் சுளித்து, விரல்களைத் தொடையில் ஓட்டினார். அக்கா வால்யூமை மறுபடி ஏற்றினாள். பாட்டும் அவர் விரல்களும் அதே இடத்தில் இருந்தன. அக்கா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கண் திறக்கவே இல்லை. அவள் அடுப்படிக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததை, மாமா கேசட்டைக் கேலி செய்ததற்கான அழுகை என்று நினைத்தேன்.

எனக்கோ அது மந்திரம். மறுநாள் பள்ளியில், "எங்க மாமா சத்தமே இல்லாம பாட்டு கேப்பாரு" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். யாரும் நம்பாததால், நடந்ததை ஒன்றுவிடாமல் விவரித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பட்டறை மேஸ்திரியின் மகளும் ஒருத்தி.

அந்த வாரமே மேஸ்திரி, ஓடும் மெஷினுக்கு முன் நின்ற மாமாவின் முதுகுப் பக்கம் போய் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மாமா திரும்பவில்லை. அன்று மாலை மேஸ்திரியே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "தப்பா நெனச்சிக்காத தங்கச்சி. காது கேக்காதவன பிரஸ்ஸுல நிக்க வெச்சா, ஒரு நாள் கை போய்டும்." அடுத்த திங்கள் முதல் மாமாவுக்கு அங்கேயே அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. பட்டறைக்கு விஷயம் எப்படிப் போனது என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சில வாரங்கள் டேப்ரிக்கார்டர் துணி மூடிக் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிறு, அக்கா இல்லாத நேரம், மாமா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அக்காவின் கேசட்டைப் போட்டு, ஒலிப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "கிதார் வர்றப்ப என் முட்டியில தட்டு பாப்பா" என்றார். எனக்குத் தாளம் கற்றுத்தருகிறார் என்று நினைத்து, மும்முரமாகத் தட்டினேன். அவர் அட்டையில் அக்கா எழுதியதைப் படித்தார், என் கையைப் பார்த்தார், தலையாட்டினார். மூன்றாவது பாட்டில் கீழே தோழிகள் கூப்பிட்டார்கள். ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது கேசட் ஓடி முடிந்து பட்டன் மேலே எழும்பியிருந்தது. மாமா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைசிப் பாட்டு எப்டி இருந்துச்சு? இன்னிக்கி அக்கா கேப்பா."

நான் அதைக் கேட்கவே இல்லை. "சூப்பர் மாமா" என்றேன்.

"என்னா மாதிரி சூப்பர்? சொல்லு, சொல்லு" என்று என் வாயையே பார்த்தார்.

பெரியவர்களுக்கு எத்தனை கேள்வி என்று அலுத்துக்கொண்டு, நான் மறுபடி விளையாடப் போய்விட்டேன்.