லிசாவின் இடது மூக்கு

தாராவியில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அதை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். ஒழுகாத பிள்ளையைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். ஜெயசீலி அப்படி விட்டேத்தியாக இருக்கிற ஆள் இல்லை. மகள் லிசாவுக்கு மூன்று வயது. தோல் நெடி பட்டால் போதும், அடுக்கடுக்காகத் தும்மிக் கண் சிவந்துவிடும். அலர்ஜி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தாள். புருஷன் லாசருக்குப் பை தைக்கிற தோல் பட்டறையில் வேலை. அவன் குளித்து உடுப்பு மாற்றாமல் பிள்ளையைத் தொடக்கூடாது. தொட்டால் அன்றைக்கு வீட்டில் பிரசங்கம்தான்!

மழைக்காலத்தில் ஒரு சேட்டு சந்துக்குள் ராக்கிக் கயிறு செய்கிற சாமான்களை மூட்டை மூட்டையாக இறக்குவார். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. இந்த வருஷம் மினுக்குகிற ராக்கி. சட்டைப் பித்தானைவிடச் சின்ன பேட்டரி செல் ஒன்றை உள்ளே வைத்தால் விளக்கு எரியும். பெண்கள் எல்லோரும் பாயை விரித்து, பிள்ளைகளைப் பக்கத்தில் விளையாட விட்டுக்கொண்டுதான் செய்வார்கள். வேறு எங்கே கொண்டுபோய் விடுவது? இருப்பதே ஒற்றை அறை.

ஒரு நாள் காலையில் லிசாவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. ஜெயசீலி நேரே புருஷனைத்தான் பிடித்தாள்.

"நேத்து அந்தச் சட்டையோட பிள்ளையத் தூக்குனீங்கல்லா? இப்பப் பாருங்க!"

லாசர் வேலைக்குப் போனான். அலர்ஜிக்கு டாக்டர் முன்பு கொடுத்த உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து வீட்டில் இருந்தது. அதை எடுத்து மூக்கில் விட்டாள். மறுநாள் ஒழுக்கு கூடியது. இவளும் சொட்டைக் கூட்டினாள். பாவி மனுஷி, நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

அதற்கு அடுத்த நாள், பக்கத்து வீட்டுப் பேராச்சி பிள்ளையைக் கொஞ்சுவதற்குத் தூக்கியவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏட்டி, என்ன இப்பிடி நாறுது? ஒத்த மூக்குலதான் ஒழுகுது, அதுவும் கறுப்பா. உள்ள என்னத்தையும் போட்டுக்கிட்டாளா?"

ஜெயசீலி மொபைல் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். இடது மூக்குக்குள்ளே, கறுத்த சதைக்கு நடுவில் ஏதோ பளபளத்தது. பாயில் சிதறிக் கிடந்த செல்களைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, எம்பிள்ள!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். சந்தில் கணுக்கால் வரை மழைத்தண்ணீர். மெயின் ரோட்டில் கையைக் காட்டிய ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஓடுகிற ஒரு ஆட்டோவுக்குக் குறுக்கே பிள்ளையோடு போய் நின்றாள். ஏசிக்கொண்டே ஏற்றிக்கொண்டான். போகிற வழியெல்லாம், "எனக்கு என்ன வேணும்னாலும் வரட்டும், அவ மூக்க மட்டும் காப்பாத்தும் ஏசப்பா" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். சேதி கேட்டு லாசர் பட்டறை உடுப்போடு ஓடிவந்து சேர்ந்தான். இளம்வயதுப் பெண் டாக்டர் வெளியே வந்து இந்தியில் சொன்னார். உள்ளே இருந்தது செல்தான். ஈரம் பட்டால் அது சதையைப் பொசுக்கிவிடும். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது, அது தானாக மூடாது. வளர்ந்த பிறகு ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்.

பிறகு கேட்டார், மூக்கில் ஏதாவது ஊற்றினீர்களா என்று.

பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த நேரம் வாயில் இந்தி வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"எரியுது எரியுதுன்னு கத்துனா டாக்டர். மருந்துன்னா பிள்ளைங்க அழத்தான செய்யும்னு நெனச்சேன். ரெண்டு கையையும் என் காலுக்குள்ள அமுக்கி வச்சிக்கிட்டு ஊத்துனேன். வேண்டாம்மா, வேண்டாம்மான்னு கெஞ்சுனா. விடாம அமுக்கிக்கிட்டு ஊத்துனேன்."

டாக்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று லாசரைப் பார்த்துக் கேட்டார்.

லாசருக்கு எல்லாம் விளங்கியது. மனைவியின் ரெண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"குச் நஹீ, மேடம்," என்றான். ஒன்றுமில்லை என்று.