நீல வார் கட்டிய ஆட்டுக்குட்டி

அமலாவுக்கு ஒரு போர்டைப் பார்க்க மூன்று விநாடி போதும். ஒரகடத்துத் தொழிற்சாலையில், சார்ஜருக்குள் வைக்கும் சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகள் அவள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஈயம் வழிந்திருந்தாலோ, தூசி ஒட்டியிருந்தாலோ, ஏதாவது ஒரு பாகம் மயிரிழை சாய்ந்திருந்தாலோ, கை தானாக அதை எடுத்து 'ரிஜெக்ட்' என்று சிவப்புத் தொட்டியில் போட்டுவிடும். ஐந்து வருடமாக இதே வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிப் போனதாக ஒரு போர்டுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த ஐந்து வருடமும் அவள் மகள் ஜெசிந்தா சாத்தான்குளத்தில், அமலாவின் அக்கா லூர்தம்மாளிடம் வளர்ந்தாள். கணவன் பைக் விபத்தில் இறந்தபோது பிள்ளைக்கு இரண்டு வயது. கம்பெனி ஹாஸ்டலில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், கழுத்தில் நீல வாரில் தொங்கும் அடையாள கார்டைக்கூடக் கழற்றாமல் அமலா வீடியோ காலில் கூப்பிடுவாள். பெரியம்மா கேட்டாலும் ஜெசி போனைத் தரமாட்டாள். சிக்னல் அறுந்தால்தான் பேச்சு நிற்கும்.

இந்த வருடம் அமலா தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு பிடித்தாள். ஜூனில் சேர்ப்பதற்குப் பள்ளியிலும் சொல்லி வைத்தாள். ஈஸ்டருக்குப் பிள்ளையை அழைத்து வந்த லூர்தம்மாள், பையைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, பிள்ள அவ வாயால இருக்கேன்னு சொன்னா விட்டுட்டுப் போறேன். அழ வச்சு விட்டுட்டுப் போவ மாட்டேன், பாத்துக்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம் பஸ்ஸு."

பெரிய வெள்ளி கோயிலில் கழிந்தது. சனிக்கிழமை காலை தாயும் மகளும் குச்சி கேக் செய்ய உட்கார்ந்தார்கள். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருபத்து நான்கு வேண்டும். முந்தின நாளே குக்கரில் வேகவைத்த கேக்கை உதிர்த்து, மில்க்மெய்டு விட்டுப் பிசைந்து, உருட்டி, வீட்டுக்கார அம்மா ராஜாமணியின் பிரிட்ஜில் இறுக வைத்தார்கள். பிறகு குச்சியில் குத்தி, உருகிய வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி, ஒரு துண்டு வாழைத்தண்டில் நட்டு வைத்தார்கள். முயலுக்குக் காது பூசணி விதை. கோழிக்குஞ்சுக்கு மஞ்சள் நிறம், மூக்குக்குக் கேரட் துணுக்கு. ஆட்டுக்குட்டிக்கு ரோமம் தேங்காய்த் துருவல். கண்ணெல்லாம் கறுப்பு எள்; புருவம் திருத்தும் இடுக்கியால் அமலா ஒவ்வொன்றாக வைத்தாள்; ஒன்றிரண்டுக்கு ஜெசியே விரலால் வைத்தாள்.

ராஜாமணி எட்டிப் பார்த்தாள். "இன்னாமா, உருண்டையக் குச்சில குத்திக்கினு கீற? கபாப் போடுறியா?"

"முயலு அத்த!" என்றாள் ஜெசி.

"முயலா? எங்க வூட்டு எலியாட்டம் கீது. பூனை பாத்துச்சு, தூக்கினு பூடும்."

ஜெசி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், குச்சியைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "பள்ளிக்கூடம் விட்டா யாரு என்னக் கூப்பிட வருவா?"

அமலாவின் கையில் இடுக்கி நின்றது. "நாந்தான் வருவேன். எனக்கு ஷிப்ட்டுன்னா ராஜாமணி அத்த வருவாவ."

"கார்டப் போட்டுக்கிட்டே வருவியா?"

"கழட்ட நேரம் ஏது? அப்படியேதான் ஓடி வருவேன்."

ஜெசி தலையாட்டினாள். மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் நிமிரவில்லை.

மதியத்துக்குள் எல்லாம் காய்ந்தன. அமலா டப்பாவில் அடுக்கத் தொடங்கினாள். முயல், சரி. குஞ்சு, சரி. ஆடு, சரி. கை வேகம் பிடித்தது. கடைசி வரிசையில் ஓர் ஆட்டுக்குட்டி. ஒரு கண் மேலே ஏறியிருந்தது. கழுத்தில் சாக்லேட் உறையின் நீலத்தாள் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று விநாடி. சமையலறையின் சிவப்புக் குப்பை வாளியில் அது விழுந்தது.

"அம்மா, அது..."

"ரிஜெக்ட்டுட்டி. குப்பை ஒட்டிருக்கு. வேற ஒண்ணு செஞ்சுக்கிடலாம்."

"சரிம்மா," என்றாள் ஜெசி. அழவில்லை. கை கழுவிவிட்டுப் போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அலுப்பு என்று அமலா நினைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகள் குச்சி கேக்குக்கு முண்டியடித்தார்கள். ஜெசி ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "பெரியம்மா, பஸ்ஸு எத்தன மணிக்கு?"

அதற்குப் பிறகு, இங்கே இருக்கிறாயா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஜெசி பெரியம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். லூர்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லாதன்னா பிள்ள. ஆனாலும் சொல்லுதேன். நீ வாளில போட்டியே ஒரு ஆடு, அது நீதானாம். போன்ல ஒன் கழுத்துல எப்பவும் கெடக்கும்லா நீலப் பட்டி, அதத்தான் தாளக் கிழிச்சுக் கட்டிருக்கா. ஒன் கையில குடுக்கணும்னு கடைசி வரிசையில ஒளிச்சு வச்சிருந்தாளாம்."

பஸ் போன பிறகு அமலா வீட்டுக்கு விரைந்தாள். வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. உள்ளே இருந்த குப்பை எங்கே என்று ராஜாமணியிடம் கேட்டாள்.

"அதுவா? காலைலயே கோழிக்குக் கொட்டிட்டேனே," என்றாள் ராஜாமணி. "இன்னாமா, ஏன் அழுற?"

கொல்லையில் குச்சிதான் கிடந்தது. நீலத்தாளைக் காணவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கூப்பிட்டாள். கழுத்தில் கிடந்த நீல வாரைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அந்த ஆட்டுக்குட்டி நான்தான்னு தெரியாமப் போச்சேட்டி. சரியாப் பாக்காமப் போட்டுட்டேன்."

ஜெசி வாரைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா. கண்ணு மேல ஏறித்தான் இருந்துச்சு. ரிஜெக்ட்தான்."

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, ஜெசி பதிலுக்கு நிற்காமல் போனைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள்.