வாயுத் தொல்லை என்று நினைத்தேன்

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்கு நானும் தோழி ஷகிலாவும் ஒன்றாக ரயிலில் வேலைக்குப் போய்வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் இனிக்கிறது. அவித்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, தின்றுகொண்டு சிரித்தபடியே போவோம். அப்போது என் எடை நூறு கிலோவைத் தாண்டியிருந்தது. நான் படியேறத் திணறினால் அவள்தான் என் பையை வாங்கிக்கொள்வாள்.

சர்க்கரையும் மூட்டுவலியும் கூடியதால், டாக்டர் யோசனைப்படி இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு நல்லபடியாக வீடு திரும்பினேன். சில நாட்களில் இடது தோளில் வலி, படபடப்பு, லேசான காய்ச்சல். வாயுத் தொல்லை என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

அன்று மதியம் ஷகிலா போன் செய்தாள். "என்னாக்கா, படுத்துக்கினுதானே இருக்க? ஏன் இப்டி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லடி, வாயு."

"நீயே சொல்லிக்கினா ஆச்சா? ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு ஜல்தி போன் போடு. இல்லன்னா நான் ஆட்டோ எடுத்துக்கினு வர்றேன்!"

போன் போட்டதும் உடனே வரச் சொன்னார்கள். ஸ்கேனில், இரைப்பையில் தையல் போட்ட இடத்தில் கசிவு தெரிந்தது. "அபூர்வமாத்தான் இப்படி ஆகும். ஆனா லேட் பண்ணியிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். மறுபடியும் சிகிச்சை, சில வாரம் ஆஸ்பத்திரி வாசம். பிழைத்துவிட்டேன்.

இன்று எடை நன்றாகக் குறைந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஷகிலா கணவரோடு துபாய் போய்விட்டதால் அதே ரயிலில் தனியாகப் போகிறேன். இப்போதெல்லாம் உடம்புக்கு எது வந்தாலும் நானே முடிவு செய்வதில்லை. முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் ஷகிலாவிடம் சொல்கிறேன். இல்லாவிட்டால் துபாயில் இருந்தே திட்டுவாள்.