சத்தம் போன எஞ்சின்

மவுண்ட் வெல்லிங்டனில் கராஜ் வைத்திருக்கும் சோதிலிங்கம் கார் வேலையைத் தானே கழற்றிப் பூட்டிப் படித்தவர். ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஈயமில்லாத இன்றைய பெட்ரோலில் ஓடவைப்பார். மதன்குமாரின் 1967 காரோடு மூன்று மாதம் மாரடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

"பெட்ரோல் அடிக்கேக்கை எல்லாம் ஈயத்துக்குப் பதிலா இந்த மருந்தையும் ஊத்தவேணும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா கொண்டு வாரும், வால்வு இடைவெளி பாக்கவேணும்."

பதினொரு மாதம் கழித்து மதன்குமார் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, எஞ்சின்ல கேட்டுக்கிட்டே இருந்த டக்டக் சத்தமே போயிடுச்சு! எஞ்சின் செட் ஆயிடுச்சுன்னு மருந்தையும் நிறுத்திட்டேன்."

சோதிலிங்கம் எஞ்சின் மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை ஒவ்வொரு வால்விலும் வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் அது நுழையவில்லை.

"அந்தச் சத்தம்தான் ஐசே இடைவெளி இருக்கெண்டதுக்கு அடையாளம்! வால்வு குந்துற சீட் தேய்ஞ்சு, வால்வு உள்ளுக்கை போய், இப்ப மூட ஏலாமல் எரியுது. செத்தவனும்தான் சத்தம் போடமாட்டான். என்ரை மூண்டு மாத வேலை!"

"இன்னிக்கு மட்டும் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாமாண்ணே?"

சோதிலிங்கம் ஸ்பானரை எறிந்தார். சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டார்.

"உம்மடை வீட்டடிக்கு, கிளென்ஃபீல்டுக்கு பஸ் ஓடுது. போம்."